இரண்டு புள்ளி, ஒரு கோடு

சர்ச் மண்டபத்தில் என் மாமாவின் வயலின் மட்டும் தனியாகக் கேட்ட சில நொடிகளை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. பியானோ ஒரு பக்கம் போய்விட்டது. அம்மாவின் செல்லோவும் அதனுடன் போய்விட்டது. மாமா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வேறெங்கோ வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் திறந்தார். அந்த முகத்தை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம். கல்லூரி விடுமுறைக்கு ஊட்டி வந்திருந்த நான் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று பேர் சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய சங்கீதம் அது. பியானோ வாசித்தவரைப் பெரிய மிஸ் என்போம். பெண்கள் பள்ளி ஒன்றில் இசை ஆசிரியை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன். இளம் வயதில் வெளிநாட்டில் படிக்கக் கப்பல் ஏற வேண்டியவர், வீட்டில் விடவில்லை என்று சொல்வார்கள். அந்தக் கோபத்தை அவர் வீட்டாரிடம் காட்டியதாகத் தெரியவில்லை, மிச்சம் வைத்திருந்து மற்றவர்களிடம் காட்டினார். என் அம்மா அதே பள்ளியில் கணக்கு டீச்சர். ஊரைவிட்டுப் போன துரை வீட்டு அம்மாள் பள்ளிக்கு விட்டுச்சென்ற, வயலினின் பெரிய வடிவம் போன்ற செல்லோவை, தொட ஆளில்லாததால் பெரிய மிஸ்ஸே அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தார். கல்யாணமானவள் முழங்கால்களுக்கு நடுவில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு தேய்க்கிறாளாம் என்று நாங்கள் குடியிருந்த காந்தல் முழுக்கப் பேசினார்கள். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வயலின் வாசித்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. குந்தா மின் திட்டத்தில் வேலை. சனிக்கிழமை தோறும் வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மலைப்பாதை பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி வந்து சேர்வார்.

மூவரில் நிஜமான வாசிப்பு மாமாவுடையதுதான். இது பெரிய மிஸ்ஸுக்குத் தெரியும், அதனால்தான் அவரை அப்படிப் பாடாய்ப் படுத்தினார். இந்த வகை இசையில் பியானோக்காரரின் புத்தகத்தில்தான் மூவருடைய வரிகளும் அச்சாகியிருக்கும். மற்ற இருவர் முன்னாலும் அவரவர் வரி மட்டும் இருக்கும். நடுவில் சட்டென்று நிறுத்துவார் பெரிய மிஸ். யார் செய்த பிழை, எந்த இடம் என்று சொல்லமாட்டார். நீங்களே கண்டுபிடியுங்கள் என்பதுபோல மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். மாமாவுக்கு அவர் வைத்த பெயர் மின்சாரம். "மின்சாரம் இன்னிக்கும் கட்டா?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்பார். அம்மா சிரிப்பார். மாமாவும் சிரிப்பார், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

அவர்கள் அடிக்கடி வாசித்த ஒரு பெரிய உருப்படியில், முதல் பகுதியின் நடுவே இரண்டு புள்ளியும் ஒரு தடித்த கோடும் இருக்கும். அங்கே வந்ததும் மறுபடி தொடக்கத்துக்குப் போய் ஒரு முறை வாசித்துவிட்டு, அதன் பிறகுதான் மேலே போக வேண்டும் என்று அர்த்தம். கேட்கிறவர்கள் டீக்கும் கேக்குக்கும் காத்திருக்கிறவர்கள், அவர்களுக்கு ஒரு தடவை போதும் என்று சொல்லி, பெரிய மிஸ்தான் மூவருடைய தாளிலும் அந்த அடையாளத்தின் மேல் பென்சிலால் குறுக்கே கோடு போட்டார். எத்தனையோ வருடங்கள் அவர்கள் திரும்பப் போகாமலே நேராக வாசித்துப் பழகியிருந்தார்கள்.

ஒரு சீசனில், பம்பாயில் ஒரு பெரிய வாத்தியக் குழுவை நடத்துகிறவர் குன்னூரில் வந்து தங்கியிருந்தார். மாமா வாசித்ததை யார் மூலமோ கேள்விப்பட்டு, சர்ச் மண்டபக் கச்சேரிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். குழுவில் வயலினுக்கு ஒரு இடம் காலி. பிடித்திருந்தால் கையோடு கூட்டிப்போவார். மாமா தரையில் கால் பாவாமல் திரிந்தார். ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். கேன்டீன் சமையல்காரரிடம் இந்தி கற்றுக்கொள்ளத் தொடங்கினார். அந்த வாரம் ஒத்திகைக்கு வந்தபோது பெரிய மிஸ்ஸின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். எங்கள் வீடுகளில் அந்த வழக்கமே கிடையாது.

கச்சேரி அன்று அந்தப் புள்ளிகள் வந்தன. பெரிய மிஸ் தொடக்கத்துக்குத் திரும்பிப் போனார். மாமா பழக்கப்படி மேலே போனார். அம்மாவின் வில் துளிகூடத் தடுமாறாமல் பியானோவோடு சேர்ந்து திரும்பியது. ஒருவர் ஒரு பக்கம், இருவர் மறு பக்கம் என்றால் தப்பு யாருடையது என்று சபைக்குச் சொல்லவா வேண்டும்? மாமா நிறுத்தினார். தேடினார். பல வரிகள் கழித்துத்தான் வந்து ஒட்டிக்கொண்டார். அதன் பிறகு அவர் வாசித்ததில் உயிரே இல்லை.

டீ குடிக்கும்போது மாமா தன் தாளை எடுத்துப்போய், பென்சில் கோட்டை விருந்தாளிக்குக் காட்டினார். அவர் நல்ல மனிதர்தான், பொறுமையாகப் பார்த்தார். கோடு இருக்கட்டும், கூட வாசிக்கிறவர்கள் திரும்பினால் அந்தக் கணமே திரும்பும் காது வேண்டும், இந்த அம்மாளுக்கு அந்தக் காது இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. பெரிய மிஸ் விருந்தாளிக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தார். அச்சில் இருப்பதைத்தானே வாசித்தேன் என்றார்.

அடுத்த சனிக்கிழமை மாமா வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வழக்கமான பஸ், மடியில் அதே பெட்டி. அதற்குப் பிறகும் பல வருடங்கள் வந்தார். ஒன்று மட்டும் மாறியிருந்தது. எந்த உருப்படியானாலும் புள்ளிகள் வருமிடத்தில் வில்லைத் தூக்கிவிடுவார். அவர்கள் இருவரும் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி வைப்பார். தாளத்தில் பாதி அடி பிந்தியே வாசிக்கும் வயலின்காரரை எந்தக் குழு எடுக்கும்? அம்மாவோ வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பம்பாய்க்காரர் தன் காதைப் புகழ்ந்த கதையைச் சொல்வார், மாமா உட்கார்ந்திருக்கும்போதே சொல்வார். எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருக்கும்.

பெரிய மிஸ் இறந்த பிறகு வாசிப்பு நின்றது. மாமா ஓய்வு பெற்று, காந்தலிலேயே அம்மாவின் வீட்டுக்கு அடுத்த தெருவில் குடியேறினார். போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். மாமா அப்போதுதான் காபி குடித்துவிட்டுக் கிளம்பிப் போயிருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, அன்றைக்கு அவ்வளவு சரியாக எப்படித் திரும்பினீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"மிஸ் முந்தின நாளே சொல்லிப்போட்டாங்க. நான் திரும்புவேன், நீ எங்கூடவே வந்துருன்னாங்க."

"மாமாகிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா அவன் போயிருவானில்ல? மூணு பேருக்கு எழுதினத ரெண்டு பேரு வாசிக்க முடியுமா?"

குரலில் வருத்தமோ வெட்கமோ இல்லை. வெண்டைக்காய் விலை ஏறிப்போச்சு என்பதுபோல் சொன்னார். பெற்றவளை வெறுக்கக் கூடாது என்பார்கள். அந்த நிமிடம் நான் வெறுத்தேன். மாமாவுக்கு இது தெரிந்தால் தாங்குவாரா என்று கேட்டேன்.

"அவனுக்குத் தெரியுமே. அன்னிக்குப் பொழுதோடவே எங்கிட்ட வந்து கேட்டான், ஆமான்னு சொல்லிட்டேன்."

"தெரிஞ்சுமா அடுத்த சனிக்கிழமை வந்தாரு?"

அம்மா உரித்த தோலை முறத்தின் ஓரமாகத் தள்ளினார்.

"வேற எங்க போவான்? இந்த மலையில அவங்கூட வாசிக்க நாங்க ரெண்டு பேருதான இருந்தோம்."