ஊர் வைத்த மொய் விருந்து

எங்கள் கூட்டுறவு வங்கிச் செயலாளர் அய்யாக்கண்ணுவுக்கு ஊர்ப் பைத்தியம். ப்ரமோஷன் வந்தபோதெல்லாம் ஊரை விட்டுப் போக மாட்டேன் என்று மறுத்தவர். கடன் கேட்டு வருகிறவரிடம்கூட, "நம்ம ஊருல என்ன இல்ல, சொல்லுங்க பாப்போம்?" என்பார். கேஷியர் அடைக்கலமேரி நான், ஒருநாள் வாயை விட்டேன். "பஸ் ஸ்டாண்டுல பொம்பளைங்களுக்கு ஒரு பாத்ரூம் இல்ல சார்." மனிதர் முகம் சுருங்கிவிட்டது.

மறுவாரமே மொய் விருந்துக்குப் பத்திரிகை அடித்துவிட்டார்! எங்கள் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஆடி பிறந்தால் தடுக்கி விழுந்த இடமெல்லாம் மொய் விருந்துதான். ஒருவர் கறிச்சோறு போடுவார், வந்தவர்கள் மொய் எழுதுவார்கள். அவர்கள் விருந்து வைக்கும்போது இவர் போய்த் திருப்பி எழுத வேண்டும். இந்தப் பத்திரிகையில் அழைப்பவர் பெயருக்குப் பதில் ஊர்ப் பெயர். சனம் சிரித்துக்கொண்டே வந்து குவிந்தது. பதினாறு கிடா காலி. அந்த மொய்ப் பணத்தில் ஆறே மாதத்தில் பஸ் ஸ்டாண்டில் கழிப்பறை எழுந்தது. முதல் நாள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, நிம்மதியில் நான் தனியாகச் சிரித்தேன்.

வினை அடுத்த ஆடியில் வந்தது. ஊர்ப் பெயருக்குப் பத்திரிகைகள் வரிசை கட்டின. ஊர் எப்படிப் போய்க் கை நனைக்கும்? பேரூராட்சி கையை விரித்தது. "ஊரு குடுத்த வாக்கும்மா, மேரி" என்று தன் சம்பளத்தை எடுத்துக்கொண்டு அய்யாக்கண்ணு கிளம்பினார். சில நாள் நாலு விருந்து. சாப்பிடாமல் மொய் எழுதினால் மரியாதையா? சட்டைப் பொத்தான் தெறித்தது, சர்க்கரை முந்நூறைத் தாண்டியது. "ரிட்டயர்மெண்டு பணமும் எலையிலயே போயிருமா, மேரி?" என்று அவர் மனைவி புவனேஸ்வரி அக்கா கண்ணைக் கசக்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. வாயை விட்டவள் நானல்லவா?

அவர் ஓய்வு பெற்ற மறுநாளும் ஒரு விருந்து. மொய் மேசையில் பையைத் திறந்தார். எழுதுகிறவர் நிமிரவே இல்லை.

"ஒங்க ஊரு மொய் காலையிலேயே எழுதியாச்சுங்க."

"யாரு எழுதுனது?"

"அங்கிட்டுப் பாருங்க."

பந்தியில் நாங்கள் பதினெட்டுப் பெண்கள். பூக்காரி சொர்ணம், வனிதா டீச்சர், நான், எல்லாரும் தினம் அந்த பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டிருந்தோம். மிச்ச விருந்துகளுக்கும் முறை வைத்துவிட்டோம்.

"மோரைக் குடிச்சிட்டு வீட்டுக்குப் போங்க சார். கறிய நாங்க பாத்துக்கிறோம்" என்றேன்.

அவரா போவார்? அழுதுகொண்டே மைக்கைப் பிடுங்கி, "பாத்தீங்களா? இதாங்க எங்க ஊரு!" என்று கத்தினார்.