கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி

ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து நாற்பது. ஆராதனைக்குக் கிளம்ப எழுந்து விளக்கைப் போட்டேன். டியூப் லைட்டைச் சுற்றி ஒரு வளையம் தெரிந்தது. உள்ளே நீலம், வெளியே சிவப்பு. இடது கண்ணை மூடினால் வளையம் இருந்தது. வலது கண்ணை மூடினால் இல்லை.

முகம் கழுவினேன். வலது இமை ஒட்டியிருந்தது. தண்ணீர் பட்டதும் கண்ணுக்குள் யாரோ மணலை வைத்துத் தேய்ப்பதுபோல் இருந்தது. கடந்த அக்டோபரில் எனக்கு நேர்ந்ததையும், நான் கேட்ட ஜெபத்துக்கு என்ன பதில் வந்தது என்பதையும் சபையாருக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

டி. கல்லுப்பட்டியில் குடியிருக்கிறோம். கப்பலூரில் ஒரு லேத் பட்டறையில் எனக்கு வேலை. கடைந்து வரும் இரும்புப் பாகங்களை அளந்து, கீறல் இருக்கிறதா என்று பார்த்து, நல்லதை ஒரு பெட்டியிலும் கெட்டதை இன்னொரு பெட்டியிலும் போட வேண்டும். தலைமுடி அளவு கீறலும் என் கண்ணுக்குத் தப்பக்கூடாது. அந்த வேலைக்கு என் வலது கண்தான் முதலாளி.

முந்தின நாள், சனிக்கிழமை மாலை, ஒரு பாகத்தைக் காற்றுப் பீய்ச்சும் ஏர் கன் வைத்து ஊதிச் சுத்தம் செய்தேன். எல்லோரும் அப்படித்தான் செய்வோம். இரும்புத் துகள் ஒன்று தெறித்து வலது கண்ணில் விழுந்தது. எங்கள் பட்டறையில் கண்ணில் துகள் விழுந்தால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. நேராக முத்துப்பாண்டி அண்ணனிடம் போவார்கள். லேத் ஓட்டுகிறவர். தூசு எடுப்பதில் கைராசிக்காரர் என்று பெயர். ஒரு நூலை முறுக்கி, நனைத்து, அதன் நுனியால் துகளைத் தொட்டு எடுத்துவிடுவார்.

“கண்ணத் தொறந்து வை மாப்ள. ஆட்டாத. கல்யாண போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நில்லு.”

துகள் வந்துவிட்டது. நூல் நுனியில் அதை எனக்குக் காட்டினார். “இம்புட்டுக்காணும் துரும்பு. இதுக்கா இந்த ஆட்டம் ஆடுன?” என்றார். நான் சிரித்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஞாயிறு காலை ஆராதனையில் என்னால் உட்கார முடியவில்லை. ஜன்னல் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. எழுந்து வராந்தாவுக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். மெட்ராஸ் ஐ என்றார் ஒருவர். சூடு என்றார் இன்னொருவர். ஆராதனை முடிந்ததும் ஒரு சகோதரி, கன்வென்ஷன் கூட்டத்தில் ஜெபித்துக் கொடுத்த எண்ணெய்க் குப்பியை என் மனைவி ஜெயசீலியிடம் கொடுத்து, “ரெண்டு சொட்டு கண்ணுல விடு. எங்க வீட்டுல அம்புட்டு வியாதியும் இதுலதான் போச்சு” என்றார். அன்போடுதான் சொன்னார்.

வீட்டில் என்னைக் கட்டிலில் படுக்க வைத்தாள் ஜெயசீலி. முழங்காலில் நின்று ஜெபித்தாள். குப்பியைத் திறந்தாள். சொட்டு சரியாக விழ வேண்டும் என்பதற்காக மகளிடம் செல்போன் வெளிச்சத்தைப் பிடிக்கச் சொன்னாள். நான் வலியோடு இமையைத் திறந்தேன். அவள் குனிந்தவள் அப்படியே நின்றாள். பிறகு குப்பியை மூடினாள்.

“என்னங்க, கருப்பு முழியில வெள்ளையா ஒரு புள்ளி இருக்கு.”

“எண்ணெய விடு. சரியாப் போகும்.”

“இது எண்ணெய்க்குக் கேக்குற கண்ணு இல்ல. எந்திரிங்க. சட்டையப் போடுங்க.”

அந்த எண்ணெயைத் தொட்டு என் நெற்றியில் மட்டும் பூசினாள். அடுத்த பஸ்ஸில் மதுரைக்குக் கிளம்பினோம். துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். திருமங்கலம் தாண்டும்வரை என் கால்கள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கர்த்தாவே, இந்தக் கண்ணை விட்டுவிடாதேயும் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, சிறு கத்தியால் அந்தப் புள்ளியைச் சுரண்டி ஒரு கண்ணாடித் துண்டில் தடவினார். மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“பாக்டீரியா. குச்சி குச்சியா தெரியுது. கருவிழியில ரத்தக் குழாய் கிடையாது, அதனாலதான் அது கண்ணாடி மாதிரி இருக்கு. மேல ஒரு மெல்லிய தோல் இருக்கும். அது கிழியாத வரைக்கும் கிருமி லேசுல உள்ள போகாது. உங்களுக்குக் கிழிஞ்சிருக்கு. உள்ள போன கிருமி ஒரு சாறு விட்டு கருவிழியக் கரைக்குது. அத அடிக்க வர்ற உங்க உடம்பு அணுக்களும் சேர்ந்து கரைக்குது. ரெண்டு பேரு சண்டையில வீடு இடியிற மாதிரி.”

“பார்வை?” என்று ஜெயசீலி கேட்டாள்.

“புண்ணு ஆறினா தழும்பு நிக்கும். அது நடுவுல நின்னா பார்வைய மறைக்கும். ஆறலைன்னா மெலிஞ்சு ஓட்டை விழலாம். இப்ப எதுவும் சொல்ல முடியாதும்மா.”

சுரண்டி எடுத்ததில் கொஞ்சத்தைக் கிருமி வளர்க்கும் தட்டில் பூசினார்கள். என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். என்னைப் படுக்கையில் சேர்த்தார்கள். மணிக்கு ஒரு முறை சொட்டு மருந்து, இரவிலும். எரியும். எரிச்சல் அடங்கும்போது அடுத்தது வரும். படுப்பேன், எழுவேன், சுவரைத் தடவிக்கொண்டு நடப்பேன். நர்ஸ் திட்டுவார். ஜெபிக்கக் கண்ணை மூடினாலும் வலி, திறந்தாலும் வலி.

செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்தார். புண் பெரிதாகியிருந்தது. கருவிழிக்குப் பின்னால் அடியில் சீழ் ஒரு கோடாகத் தேங்கியிருந்தது. அவர் முகம் மாறியதை என் இடது கண் பார்த்தது.

அன்று சபையில் எனக்காக உபவாச ஜெபம் என்று போதகர் போனில் சொன்னார். நான் நன்றி சொன்னேன். உண்மையைச் சொன்னால், என்னிடம் நம்பிக்கை இல்லை. ஒற்றைக் கண்ணோடு என்ன வேலை கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணிக்கு முத்துப்பாண்டி அண்ணன் வந்தார். நாங்கள் கூப்பிடவில்லை. லீவு போட்டுவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நின்றார்.

“மாப்ள, நீ உங்க சாமிகிட்டக் கேளு. நான் எங்க சாமிகிட்டச் சொல்லிட்டேன். ரெண்டு ஆபீஸுக்கும் மனு போயிருக்கு.”

மருந்து விட வந்த டாக்டரிடம், பட்டறையில் என் கண்ணில் விழுந்த துகளை எடுத்தவர் இவர்தான் என்றேன். அவர், “துகள் எடுத்தது நீங்களா? எதால எடுத்தீங்க?” என்று கேட்டார்.

“நூலுங்கம்மா. சுத்தமான நூலு.”

“காஞ்ச நூலா?”

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். “நனைச்சுத்தான். பக்கத்துல கூலண்ட் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதுல நனைச்சேன்.”

லேத்தில் இரும்பைக் கடையும்போது சூடு தணிய ஊற்றும் எண்ணெய்த் தண்ணீர்தான் கூலண்ட். பார்க்கப் பால்போல் இருக்கும். தொட்டியில் அதுவே சுற்றிச் சுற்றி வரும். மாதக்கணக்கில் மாற்ற மாட்டோம். ஞாயிறு ஓடாமல் கிடந்தால் திங்கட்கிழமை நாறும். அந்த நாற்றம் கிருமியுடையது என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. நூலை அவர் எதில் நனைத்தார் என்பது எனக்கும் அதுவரை தெரியாது.

“அந்தத் தண்ணியில வளர்ற கிருமி முரட்டுக் கிருமி. சாதாரண மருந்துக்கு மசியாது” என்றார் டாக்டர். தட்டின் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. அப்போதே மருந்தை மாற்றினார்.

அவர் போனதும் அண்ணன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “ராசியான கைன்னு சொல்லிச் சொல்லி என்னையக் கெடுத்துட்டானுக மாப்ள. இதுல ராசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அழுக்குத்தான் இருந்திருக்கு.”

“விடுங்கண்ணே. நீங்க வந்ததாலதான் இந்த மருந்தே வந்துச்சு.”

புதன்கிழமை காலை வலி குறைந்திருந்தது. புண்ணின் ஓரம் பரவவில்லை என்றார் டாக்டர். அன்று மாலை தட்டின் முடிவு வந்தது. அவர் சந்தேகித்த அதே கிருமி. மாற்றிய மருந்துக்கு அது சாகும் என்றும் இருந்தது. சீழ் மெல்ல வற்றியது. அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். புண் ஆறியபோது தழும்பு நடுவில் விழாமல் ஓரத்தில் நின்றது.

மருந்துக்குக் கேட்டதா, ஜெபத்துக்குக் கேட்டதா என்று என்னிடம் கேட்கிறார்கள். திறந்த குப்பியை ஜெயசீலி மூடினாளே, அது எங்கிருந்து வந்த புத்தி? யாரும் அழைக்காத மனிதர், சபை உபவாசம் இருந்த அதே நாளில், அந்த ஒரு பதிலோடு ஏன் வந்தார்? நம்பிக்கை இல்லாமல் நான் படுத்திருந்தபோதும் எனக்காகக் கேட்டவர்கள் இருந்தார்கள். கர்த்தர் கேட்டார். டாக்டரின் கையும் அவர் கொடுத்த கைதான். என் ஆண்டவருக்கு நான் நன்றி செலுத்துகிறேன்.

இப்போது பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ஏர் கன்னைத் தொடுவதில்லை. கூலண்ட் தொட்டியை அடிக்கடி கழுவ முதலாளியிடம் அனுமதி கேட்டு வாங்கிவிட்டோம். அண்ணன் தூசு எடுப்பதை விட்டுவிட்டார். கேட்டு வருகிறவர்களை, “பஸ் ஏறுடா” என்று விரட்டுகிறார்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு கண் சிவக்கலாம். ஜெபியுங்கள். எண்ணெயை நெற்றியில் பூசுங்கள், கண்ணில் விடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் கிளம்புங்கள். நீங்கள் போகும் வழியிலும் கர்த்தர் கேட்கிறார். என்னைப்போல் நம்பிக்கை இல்லாதவனுக்கே செய்தவர், உங்களுக்குச் செய்யாமல் இருக்கமாட்டார்.

ஜனவரியில் வேலைக்குத் திரும்பினேன். முதல் நாள், முத்துப்பாண்டி அண்ணன் கடைந்த பாகங்களில் கீறல் தெரிந்த இரண்டைக் கழித்துப் போட்டேன்.