பழ.மீ. என்று பேர் வெட்டிய கார்

இரண்டு சீட்டு, மடக்குகிற கூரை, இந்தியாவிலேயே செய்த குட்டி ஸ்போர்ட்ஸ் கார். எந்தக் கார் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் விற்பவர்கள் விலையை ஏற்றிவிடுவார்கள். கல்லூரி விடுதியில் என் பெட்டி மூடியின் உள்பக்கம் அதன் படத்தை ஒட்டி வைத்திருந்தேன். இப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. திருச்சியில் கண்ணாடிக் கடை, வீட்டில் ஒரு குடும்பக் கார். ஆசை மட்டும் போகவில்லை. போன தை மாதம் காரைக்குடிப் பக்கம் அமராவதிபுதூரில் ஒன்று விற்பனைக்கு இருப்பதாக இணையத்தில் பார்த்தேன். அதுவும் சிவப்பு. அந்த வார ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

திருச்சியிலிருந்து காரைக்குடி ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர், ரயிலில் சுகமாகப் போகலாம். அங்கிருந்து தேவகோட்டை பஸ் பிடித்தால் செலவு குறைவு. எனக்குப் பொறுமை இல்லாததால் முந்நூறு ரூபாய்க்கு ஆட்டோ பேசினேன். மீனாள் ஆச்சி வீடு என்றதுமே ஓட்டுநருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"கார் பாக்கவா வந்தீக? ஏற்கெனவே ரெண்டு பேரு வந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டாக."

"ஏன், வண்டி சரியில்லையா?"

"வண்டி தங்கமுங்க. போய்ப் பாருங்க, தெரியும்."

ஆச்சி என்றதும் நரைத்த தலையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இங்கே செட்டியார் வீட்டுப் பெண்களுக்கு அது மரியாதைப் பெயர். மீனாள் ஆச்சிக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். தேவகோட்டையில் கணக்கு டீச்சர். கல்யாணச் சீரில் அப்பா கொடுத்த இந்தக் காரில்தான் இத்தனை வருடமும் பள்ளிக்கூடம் போய்வந்தாராம். ஏன் விற்கிறீர்கள் என்றேன். "முட்டி போச்சு. இதுல உக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆளு வேணும்," என்றார்.

ஷெட்டில் போர்த்தியிருந்த துணியை இழுத்தார். சத்தியமாக எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகுதான் பானெட்டைப் பார்த்தேன். நட்டநடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, 'பழ.மீ.' என்று வெட்டியிருந்தது. கதவு விளிம்பிலும் அதே எழுத்து. சக்கர மூடிகளிலும் சாவியிலும்கூட. இந்த ஊரில் சீர் சாமான் எதுவானாலும், குடத்திலிருந்து கரண்டி வரை, பெண்ணின் பெயரை வெட்டித்தான் கொடுப்பார்கள். காரும் சாமான்தானே என்று அவருடைய அப்பா பழனியப்பன் பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிறவரையே வரவழைத்திருக்கிறார். அவர் வழக்கம்போல உளியை வைத்துத் தட்ட, ஃபைபர் பானெட் 'ப'விலேயே கீறல் விட்டுவிட்டது. மிச்சத்தை மிஷினில் முடித்தாராம்.

என் கடைக்காரப் புத்தி முழித்துக்கொண்டது. "பெயின்டர்கிட்ட கொடுத்து இதை எடுத்துடலாம் ஆச்சி. அந்தச் செலவைக் கழிச்சுக்கிட்டு விலை சொல்லுங்க."

"எடுக்குறதா இருந்தா கார் இல்ல," என்றார், குரலை உயர்த்தாமல்.

பிறகு அவரே சொன்னார். "சீர்ல வந்த சாமான்ல பாதிய, நான் பள்ளிக்கூடம் போயிருந்தப்ப, புகுந்த வீட்ல பேரச் சொரண்டி வித்துட்டாக. கேட்டா, அதுல உன் பேரு எங்க இருந்துச்சுன்னாக. இது ஒண்ணுதேன் சொரண்ட முடியாம நின்னுச்சு."

ஆனாலும் என் மனசு லேசில் இறங்கிவரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் ஆசைப்பட்டது பளபளவென்று ஒரு கீறல் இல்லாத கார். இதில் நான் எங்கே போனாலும் இன்னொருவர் பெயர் முன்னால் போகும். ஓட்டிப் பாருங்கள் என்று சாவியைக் கொடுத்தார். கூரையை மடக்கிவிட்டுத் தேவகோட்டைச் சாலையில் நாலு கிலோமீட்டர் போனேன். திரும்பி வரும்போது எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் காரைக் கண்டதும் இறங்கி, "டீச்சர் நல்லாருக்காகளா?" என்று கேட்டார். நல்லாயிருக்காங்க என்றேன். வீட்டுக்கு வந்து, பேரை எடுக்க மாட்டேன் என்று ஆச்சியிடம் சொன்னேன்.

"வாய்ச்சொல்லு வேணாம். எங்கம்மா குடத்துல அவுக பேருக்குக் கீழ என் பேரு இருக்கு. அது மாதிரி இதுல ஒங்க பேர வெட்டிக்கங்க. கீழ தன் பேரு இருக்கவுக மேல இருக்கத அழிக்க மாட்டாக."

மறு வாரம் பணத்தோடு போய்க் காரை எடுத்து, காரைக்குடிப் பாத்திரக்கடை ஒன்றில் பழ.மீ.க்குக் கீழே என் பேரை 'சு.ர.' என்று வெட்டிக்கொண்டேன். எழுத்துக்கு இருபது ரூபாய். மிஷினில்தான் வெட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்றால் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். உதிரிபாகம் கிடைப்பது கஷ்டம், நல்ல மெக்கானிக் இல்லாமல் இறங்காதீர்கள். உயரமானவர்கள் ஒருமுறை உட்கார்ந்து எழுந்துவிட்டு விலை பேசுங்கள்.

போன வாரம் திருச்சியில் ஒரு சிக்னலில் நின்றபோது, பக்கத்து பைக்கில் இருந்தவர் பானெட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "பழ.மீ.ங்கிறது நீங்களா சார்?"

"இல்லீங்க. அவங்க டீச்சர். நான் அவங்களுக்குக் கீழே இருக்கிறவன்."