ரோட்டுக்குக் கொடுத்த வாசல்

ஜெலுத்தோங் ரோட்டை அகலப்படுத்துவது என்று முடிவானபோது, முனிசிபல் ஆபீசில் வரைபடம் நகலெடுக்கும் கிராணியாக இருந்தேன். காலை வேளையில் அந்த ரோட்டைப் பார்க்கவே கூடாது. மாட்டு வண்டியும் ரிக்‌ஷாவும் லாரியும் முட்டிக்கொண்டு நிற்கும். மாட்டுக்கு மட்டும்தான் பொறுமை இருக்கும்.

அளவெடுக்க வந்த துரைக்கு நான்தான் துபாஷி. அக்காவின் ஓலை வேய்ந்த அத்தாப்பு வீடு அந்த ரோட்டோரம் இருந்தது. எந்தப் பக்கம் எடுக்கலாம் என்று துரை கேட்டார். எதிர்ப்பக்கம் எடுத்தால் நாலு வீடு போகும். இந்தப் பக்கம் வாசல் மட்டும்தான், வெறும் மண் என்று நானே சொன்னேன். அங்கேயே எல்லைக் குச்சியை அடித்தார்கள். நாலு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட மிதப்பில், காப்பி கேட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குள் போனேன்.

அக்கா குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, அதப் பிடுங்கச் சொல்லு லா."

"வாசல்தானேக்கா? வீட்டத் தொட மாட்டாங்க."

"பிள்ள அங்கதான் இருக்கு."

அக்காவின் முதல் குழந்தை முந்தின வருஷம் பிறந்த மூன்றாம் நாளே போய்விட்டது. இடுகாட்டுக்கு எடுத்துப்போனதாகத்தான் என்னிடம் சொன்னார்கள். பச்சைக் குழந்தையை வாசலில் புதைத்தால் அதே வயிற்றுக்குத் திரும்பி வரும் என்று எங்கள் பெண்களுக்கு ஒரு நம்பிக்கை. வீட்டருகே புதைப்பதோ சட்டப்படி குற்றம். அத்தான் யாருக்கும் தெரியாமல் குழி வெட்டியிருக்கிறார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ தொரைங்ககூட வேல பாக்குறவன். உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

கூடப் பிறந்தவளே என்னைக் கண்டு பயந்திருக்கிறாள்! அவள்மேல் கோபம் வந்தது. என் வாய்மேல் அதைவிட அதிகமாக வந்தது. தோண்டி எடுத்து இடுகாட்டில் வைத்துவிடலாம் என்றேன்.

"எடத்த மாத்துனா பிள்ளைக்கு வழி தெரியாமப் போயிடும்" என்றாள். "அதுமேல வண்டி ஓடுமா தம்பி?"



மறுநாள் மூன்று தடவை துரையின் மேசை வரை போனேன். குச்சியை மாற்றி அடிக்கக் காரணம் கேட்பார். காரணத்தைச் சொன்னால் அத்தான் கோர்ட்டில் நிற்க வேண்டும். மூன்று தடவையும் சும்மா திரும்பி வந்தேன்.

வேலை தொடங்கிய காலையில் அக்கா அழவில்லை, ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. என் பக்கத்தில் வந்து, "அத்தான் ஆழமாத்தான் வெட்டினாரு. இவங்கள மெதுவா வெட்டச் சொல்லு" என்றாள்.

கங்காணியிடம் என்னவென்று சொல்வேன்? ஒரு கூலியாளின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு, வெள்ளைக் கால்சட்டையோடு மண்ணில் இறங்கினேன்.

"கிராணியாருக்கு என்னாச்சு?" என்று கங்காணி சிரித்தார்.

வாசல் முழுவதையும் மேலோட்டமாக நானே கொத்தி முடித்தேன். அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன் நான். நான் செய்த ஒரே சீர் அதுதான்.