கடல் விராலும் பொன்மலை பிரான்சியும்

பொன்மலை ரயில்வே பணிமனையில் சக்கரப் பிரிவில் வேலை பார்க்கும் பிரான்சிக்கு, மீன் விஷயத்தில் மட்டும் குழப்பம் என்று ஒன்று வந்ததேயில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தூண்டிலை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு, திருவானைக்காவல் தாண்டிக் கொள்ளிடக் கரைக்குப் போய்விடுவாள். ஒரு பொம்பளை தனியாக உட்கார்ந்து தூண்டில் போடுகிறாளே என்று முதலில் சிரித்தவர்கள்கூட, அவள் விரால் பிடிக்கும் லாவகத்தைக் கண்டபின் பக்கத்தில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று கூட்டமாக மேலே வந்தால், அடியில் தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் இரையைப் போட்டால் ஆத்திரத்தோடு வந்து கவ்வும். அப்படித்தான் அவள் பிடிப்பாள். அது பாவமா புண்ணியமா என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அவளோடு ஒரே பிரிவில் வேலை பார்க்கும் பஸீலாதான் ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

“எங்க ஊர்ல கடல்லயே விரால் இருக்குடி.”

“சும்மா அளக்காத. அது சேத்துல கெடக்குற மீனு. உப்புத்தண்ணியில எப்படி உசுரோட இருக்கும்?”

“கடல் விரால்னுதான் எங்க ஆளுங்க சொல்லுவாங்க. ஆளு உசரம் வரும். நம்பலைன்னா வந்து பாரு.”

பிரான்சிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. சேறில்லாத இடத்தில் விரால் என்ன செய்யும்? பொங்கல் லீவுக்குப் பஸீலா தன் ஊரான மல்லிப்பட்டினத்துக்குக் கிளம்பியபோது, பிரான்சியும் தூண்டில் கம்பைத் தூக்கிக்கொண்டு பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பஸீலாவின் தம்பி ஹாலித்துக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு இருந்தது. விடிந்ததும் மூவரும் புறப்பட்டார்கள். கரை கண்ணிலிருந்து மறைந்த பிறகும் கடலின் அடி தெரிந்தது. பாசி ஆடுவதும் நண்டு ஓடுவதும்கூடத் தெரிந்தன.

“இறங்கினா எவ்வளவு ஆழம் இருக்கும் தம்பி?”

“உங்க கழுத்து வரைக்கும் வரும்க்கா. இந்தப் பக்கம் பூரா இப்படித்தான்.”

இதென்ன கடல், காவிரியே இதைவிட ஆழமாச்சே என்று அவளுக்குத் தோன்றியது. ஹாலித் இஞ்சினை நிறுத்திவிட்டுக் கழியை ஊன்றித் தள்ளினான். கொஞ்ச நேரத்தில் முறம்போல அகலமான ஒரு திருக்கை, மணலை ஒட்டி மெதுவாக நீந்திப் போனது. அதன் முதுகுக்கு மேலே, நிழல்போல, கரும்பழுப்பாக நீளமான ஏதோ ஒன்று.

“ஐயோ, சுறா!” என்று பிரான்சி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஹாலித் சிரித்தான். “அதாங்க்கா நீங்க தேடி வந்த விரால். திருக்கை மணலைக் கிளறுனா நண்டு வெளிய வரும். அதைத் திங்கத்தான் பின்னாடியே திரியும். போடுங்க.”

அவள் கணவாய்த் துண்டைக் கோர்த்து வீசினாள். மீன் திரும்பிப் பார்த்தது. பயப்படவே இல்லை. நிதானமாக வந்து விழுங்கியது. அடுத்த நொடி தூண்டில் நரம்பு சீறிக்கொண்டு ஓடியது. கம்பு வில்லாக வளைந்தது. பிறகு திடீரென்று எல்லாம் தளர்ந்துபோயிற்று. அறுத்துக்கொண்டு போய்விட்டதென்று அவள் நினைத்தபோது, அதுவே படகை நோக்கிக் கன்றுக்குட்டிபோல வந்து பக்கத்தில் நின்றது.

“தோத்துப் போச்சுடி!” என்று பஸீலா கத்தினாள்.

“லாத்தா, சும்மா இரு” என்று தன் அக்காளை அதட்டினான் ஹாலித். பிரான்சியிடம், “அக்கா, இப்ப தூக்காதீங்க, அது இன்னும் களைக்கல...”

அதற்குள் பிரான்சி தூக்கிவிட்டாள். படகுக்குள் விழுந்த பிறகுதான் மீனுக்கு வெறி வந்தது. தூக்குச்சட்டி பறந்தது, ஐஸ் பெட்டி கவிழ்ந்தது, வாலடி ஒன்று அவள் கணுக்காலில் விழுந்தது. ஹாலித் ஈரச் சாக்கைப் போட்டு அதன்மேல் விழுந்து அமுக்கினான்.

வலியோடு நிமிர்ந்தவள் படகுக்கு வெளியே பார்த்தாள். அங்கே இன்னொன்று நின்றது. அதே நிறம், அதே நீளம். முதல் மீன் ஏறிய இடத்தில் வட்டம் போட்டது. ஒதுங்கிப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தது.

“ஜோடி போல. போடுங்கக்கா, இதுவும் உடனே கடிக்கும்” என்று ஹாலித் இரையை நீட்டினான்.

வாங்கிக்கொண்டாள். கை எழவில்லை. கால் வலியா, பயமா என்று யோசித்தாள். இரண்டுமில்லை. குஞ்சுகளுக்கு நடுவிலிருந்து தாய் விராலை இழுத்தவளுக்கு இன்றைக்கு என்ன கேடு வந்தது?

“எனக்கு முடியல தம்பி.”

“இது எங்க பொழப்புக்கா” என்றான் ஹாலித், முகம் சுண்டி. தன் கைத்தூண்டிலை எடுத்து அவனே போட்டான். மீன் தயங்காமல் வந்து கவ்வியது. அவன் அதைத் தூரத்திலேயே ஓடவிட்டுக் களைக்கவைத்து, பிறகு பக்குவமாக ஏற்றினான்.

இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்ததைப் பார்த்தபோது பிரான்சிக்கு அழுகை வரவில்லை. நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியதுபோல நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் அவளைப் பயமுறுத்தியது.

ஊருக்குக் கொண்டுவந்த துண்டங்களைப் பார்த்த அவள் கணவர் அமல்ராஜ், “விரால்னு சொல்லிட்டுச் சுறாவை வாங்கிட்டு வந்திருக்க” என்றார்.

“விரால்தாங்க. ஆனா நம்ம விரால் இல்ல.”

“அப்ப என்ன மீனு?”

அவள் துண்டங்களைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள். குழம்பு ருசியாகத்தான் இருந்தது. அமல்ராஜ் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டார். அவளும் சாப்பிட்டாள்.

மறுநாள் பணிமனையில், “பாவம் பாத்தியாடி?” என்று பஸீலா கேட்டாள்.

“பாவம் பாத்திருந்தா நான் தூக்குனதையும் விட்டிருக்கணும்ல? அதையும் விடல.”

“அப்ப ஏன் போடல?”

“அதாண்டி எனக்கே தெரியல.”

மாசி பிறந்த பிறகு ஹாலித் போன் செய்தான். அன்றைக்கு முகம் சுண்டினதை அவன் மறந்துவிட்டான் போலிருந்தது. மீன் நிறைய வருகிறது, வரச் சொல்லி லாத்தாவிடமும் சொல்லியிருக்கிறேன் என்றான்.

“வரேன் தம்பி, கட்டாயம் வரேன்” என்றாள் பிரான்சி, ஒரு நொடிகூட யோசிக்காமல். போனை வைத்த பிறகு, எதற்காக அப்படிச் சொன்னோம் என்று அடுப்படியிலேயே வெகுநேரம் நின்றாள்.