புகை வராத வீட்டுக்குக் கஞ்சி

ரங்கூனில் காலை வேளையில் தெருவைப் பாருங்கள். துறவிகள் திருவோடு ஏந்தி வரிசையாக வருவார்கள். ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். வீட்டுப் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, சோற்றைப் போட்டுவிட்டுக் குனிந்து கும்பிடுவார்கள். வாங்குகிறவர் நிமிர்ந்து நிற்கிறார், போடுகிறவர் குனிகிறார்! வந்த புதிதில் எனக்குத் தலை சுற்றியது. எங்கள் ஆம்பூரில் கை நீட்டுவதைவிடச் சாவது மேல் என்பார்கள். பேச்சுக்குச் சொல்வதில்லை, செத்தும் காட்டுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வீட்டு மா டின் என்னை எப்போது பார்த்தாலும் "தமின் சா பீபிலா?" என்பாள். சாப்பிட்டாயா என்று அர்த்தம். "சா பீபி", ஆயிற்று என்பேன். ஒருநாள் அவள் என் கூரைப் புகையைக் காட்டி, மூக்கை உறிஞ்சி, குழம்பு வாசனையே இல்லையே என்று ஜாடையில் கேட்டாள். உண்மைதான். மத்தியானச் சமையலே இரவுக்கும் இருக்கும். ஆனாலும் விளக்கு வைக்கும் நேரத்தில் நான் அடுப்பை மூட்டாமல் இருந்ததில்லை. "சும்மா" என்று கையை விரித்தேன். அவள் குரலைத் தாழ்த்தி "நாட்" என்றாள். இங்கே ஆவிகளுக்கு அந்தப் பேர். மறுநாளிலிருந்து என் அடுப்பைப் பார்த்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டாள். அடி தாயே, அது வெறும் புகை என்று சொல்ல எனக்குப் பாஷை போதவில்லை. வெறும் புகைதானா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

என் நைனா ஆம்பூரில் தோல் ஷாப்பில் வேலை செய்தார். தோலைப் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிற வேலை. எங்கள் தெரு நாத்தம் ஊரறிந்தது. பள்ளிகொண்டா திருவிழாவுக்குப் போனால் எங்கள் பக்கத்தில் ஒருவரும் உட்காரமாட்டார்கள். போகட்டும், அந்த நாத்தம்தான் எங்களுக்குச் சோறு. பிறகு சீமையில் தோல் வாங்க ஆளில்லை என்றார்கள். சீமை எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூட எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அங்கே எவனோ வேண்டாம் என்று தலையாட்டினான், இங்கே ஷாப்புக் கதவுகளைச் சாத்திவிட்டார்கள். தோல் ஊறப்போடும் சுண்ணாம்புக் குழிகள் காய்ந்தன. ஒரு காலையில் எழுந்து பார்த்தால் நாத்தமே இல்லை. எங்கிருந்தோ மல்லிகை வாசனை வந்தது. தெருவே வாசலில் நின்று அந்தச் சுத்தமான காற்றை முகர்ந்து பயந்தது.

பசி வந்தால் ஜனங்கள் ஒன்றுசேர்வார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது நின்றது. போனால், கேட்க வந்ததாக நினைப்பார்களே! எனக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் என் அம்மாவுக்கு மானம் இன்னும் பெரிசாகிவிட்டது.

தோல் மண்டி வைத்திருந்த ஒரு பெரிய வீட்டில் தினமும் கஞ்சி காய்ச்சினார்கள். நல்ல மனசுக்காரர்கள். வரிசையில் நிறுத்தினால் ஜனங்கள் கூசுவார்கள் என்று, தங்கள் ஆள் கரீம் பாயை விளக்கு வைக்கும் நேரத்தில் தெருவில் நடக்கச் சொன்னார்கள். எந்தக் கூரையில் புகை வரவில்லையோ, அந்த வீட்டுப் பின்வாசலில் ஒரு சட்டி கஞ்சி வந்துவிடும். யாரும் கேட்கவேண்டாம், கை நீட்டவேண்டாம்.

எங்கள் தெருப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அத்தனை பேரும் அடுப்பு மூட்டினார்கள். ஷாப்பில் கழித்துப்போட்ட பட்டைச் சக்கை கிடந்தது. அதைப் போட்டு எரித்தார்கள். எல்லாக் கூரையிலும் புகை, எந்த வீட்டிலும் கரண்டிச் சத்தம் இல்லை. கரீம் பாய் அண்ணாந்து பார்த்தபடி, "எல்லார் வூட்லயும் அடுப்பு எரியுது, அல்லா காப்பாத்திட்டான்" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு போவார்.

"இன்னிக்கு ஒருநாள் மூட்டாத இருடி. கொழந்த மூஞ்சியப் பாரு" என்று நைனா கெஞ்சினார்.

"இன்னா பேசற நீ? கஞ்சிச் சட்டி வந்த வூட்ல எவன் பொண்ணு எடுப்பான்?" என்றாள் அம்மா.

குழந்தை என்றது என் தங்கை அஞ்சலையை. ஐந்து வயசு. புகை வந்தால் சோறு வரும் என்பதுதான் அவளுக்குத் தெரிந்தது. அடுப்பு மூட்டியதும் தன் தகரத் தட்டைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்காருவாள். "வெந்துச்சாம்மா?" என்பாள். "வேவுது, இரு" என்பாள் அம்மா. தட்டை மடியில் வைத்தபடியே தூங்கிப்போவாள். ஒரு சாயங்காலம் எழுப்பினோம், எழுந்திருக்கவில்லை.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. அது வழக்கம். மறுநாள் எங்கள் கூரையில் புகை இல்லை. பின்வாசலில் கஞ்சி வந்தது. சூடாக, தொட்டுக்கொள்ளத் துவையலோடு. அம்மா அழவில்லை. அஞ்சலையின் தட்டைக் கழுவி, அதில் எனக்கு ஊற்றிக் கொடுத்தாள். குடித்தேன். ருசியாக இருந்தது. ஐயோ, அந்த ருசி இன்றைக்கும் நாக்கை விட்டுப் போகவில்லை.

அடுத்த வருஷம் கல்யாணமாகி, கணவருக்கு மில்லில் வேலை என்று இங்கே வந்துவிட்டேன். அம்மாவும் நைனாவும் போய்ச் சேர்ந்தபின் வீட்டைப் பூட்டிவிட்டார்கள். போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் கப்பலில் வந்து இறங்கினான்.

"உங்க வூடு பூட்டினபடியே கீதுக்கா. ஆனா வெளக்கு வெக்கிற நேரத்துல பொகை வருது. தெருவே பாக்குது."

"தொறந்து பாக்கலையா?"

"யாரு போவாங்க? பொகை வர்ற வூட்ல நமக்கு இன்னா வேலைன்னு வுட்டுட்டோம்."

அதற்குப் பிறகு அடுப்பில் கை வைக்கும்போதெல்லாம் எனக்குப் பயம். நான் இங்கே மூட்டுவதுதான் அங்கே புகைகிறதோ? நேற்று துணிந்து மூட்டாமல் உட்கார்ந்தேன். சற்று நேரத்துக்கெல்லாம் மா டின் கிண்ணத்தில் சோறும் மீனுமாக வாசலில் நின்றாள். கூரையைக் காட்டி, "தமின் சா பீபிலா?" என்றாள்.

"சா பீபி" என்றது என் வாய். குரல் என் அம்மாவுடையது. மா டின் போகவில்லை, நீட்டிய கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். நான் கை நீட்டி வாங்கினேன். அவள்தான் குனிந்தாள்.

கிண்ணத்தை அணைந்த அடுப்புக்கு முன்னால் வைத்தேன். பின்பக்கத்தில் யாரோ தகரத் தட்டைக் கழுவும் சத்தம் கேட்டது. என் வீட்டில் தகரத் தட்டே கிடையாது.

ஆம்பூரில் இதைப் படிக்கிறவர்களே, விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் தெருப் பக்கம் போனால் அந்தப் பூட்டிய வீட்டை அண்ணாந்து பாருங்கள். புகை வந்தால் நம்பாதீர்கள். கதவைத் தட்டுங்கள். உள்ளே நான்தான் இருப்பேன்.