சொட்டு விட்ட கண்ணுக்கு ஒரு திரை

நிறுவனத்தின் வழவழப்பான கையேட்டில் பன்னிரண்டாம் பக்கத்தில் அவளைப் பற்றி இப்படி எழுதியிருந்தது: "மூத்த காட்சித் தொடர்பியல் வியூக வல்லுநர். வணிக வளாகங்களில் வாடிக்கையாளர் அனுபவத்தை உருமாற்றும் தொலைநோக்காளர்." பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு, புகைப்படக்காரர் காட்டிய திசையில் எதிர்காலத்தைப் பார்க்கும் படம். போட்டிருந்த கோட்டு இரவல்.

கடை, வங்கி, மருத்துவமனைச் சுவர்களில் மாட்டியிருக்கும் டிஜிட்டல் திரைகளில் என்ன ஓட வேண்டும் என்று முடிவு செய்வதுதான் அவள் வேலை. எந்தத் திரையையும் மனிதர்கள் ஏழு நொடிக்கு மேல் பார்ப்பதில்லை, அதற்குள் சொல்ல முடியாததைச் சொல்லாதே என்பது அவளுடைய வேதம். அலுவலகத்தில் 'ஏழு நொடி அக்கா' என்றே பெயர். வீட்டில் நிலைமை தலைகீழ். சோப்பு வாங்கப் போன கதையை அவள் சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சோப்பே கரைந்துவிடும் என்பார் மாமனார்.

மாமனார் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மகன் கப்பல் வேலையில் பாதி வருடம் கடலில் இருந்ததால், வீட்டில் பெரும்பாலும் இவர்கள் இருவர்தான். சர்க்கரை அவருடைய கண்ணின் பின்பக்கம் வரை எட்டிவிட்டது. மாதம் ஒருமுறை காட்டாவிட்டால் பார்வை சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். "பஸ்ஸுலயே பாதி ஆயுசைக் கழிச்சவன், எனக்குத் துணையா?" என்று தனியாகவே போய் வந்துகொண்டிருந்தார்.

ஒரு புதன்கிழமை மருத்துவமனையிலிருந்து அவளுக்கு ஃபோன் வந்தது. மூன்று மாதமாக அவரை மருத்துவர் பார்க்கவே இல்லையாம்.

"மாமா, மாசாமாசம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு எங்க போயிட்டு வந்தீங்க?"

"ஆஸ்பத்திரிக்குத்தான்மா."

"டாக்டர் பார்க்கலையாமே."

"நான் அவரைப் பார்க்கத்தான் போனேன். அவர் என்னைப் பார்க்கலைன்னா அதுக்கு நானா பொறுப்பு?"

மடக்க முடியாத வாதம். மறுநாள் அவளும் கூடவே கிளம்பினாள்.

காத்திருப்புக் கூடத்தில் நுழைந்ததும் அவளுக்கு லேசாகப் பெருமை தலைகாட்டியது. அங்கே இருந்த திரை அவள் செய்தது. போன வருடம் நிறுவனத்தில் பரிசும் வாங்கியது. வெளிர்நீலக் கடல், பஞ்சு மேகம், சிரிக்கும் மருத்துவர், லேசர் சிகிச்சை விளம்பரம், மேலே வெயில் அளவு, கீழே ஓடும் கண் பராமரிப்புக் குறிப்பு. வலது மூலையில், மெல்லிய வெள்ளை எழுத்தில், அடுத்து உள்ளே போக வேண்டியவரின் டோக்கன் எண், ஏழு நொடிக்கு. பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், கூடம் அமைதியாக இருக்கட்டும் என்று யோசனை சொன்னதும் அவளேதான்.

நர்ஸ் வந்து மாமனாரின் கண்ணில் கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டுப் போனார். முக்கால் மணி நேரம் கழித்து அவருடைய எண், நாற்பத்தேழு, திரையில் வந்தது. மாமனார் நிம்மதியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. எண் மாறி நாற்பத்தெட்டானது.

"மாமா, உங்க நம்பர் போயிடுச்சு."

"அப்படியா?"

"தெரியலையா?"

அவர் திரையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். "நீலமா என்னமோ தெரியுது. நல்லாத்தான் இருக்கு."

பக்கத்து நாற்காலி அம்மாள் எட்டிப் பார்த்தார். "நீங்கதான் அந்த மருமகளா? இந்த டிவி என் மருமக செஞ்சதுன்னு போன மாசம் வரிசை முழுக்கச் சொல்லிட்டுப் போனாரே."

அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். "எங்கிட்ட சொல்லியிருக்கலாமே மாமா. பக்கத்துல யாரையாவது கேட்டிருக்கலாமே."

"முப்பத்தோரு வருஷம் ஊருக்கெல்லாம் எடம் வந்துடுச்சு எறங்குன்னு சொன்னவன்மா நான். அதுலயும் இது நீ செஞ்சது. பெருமையா சொல்லிட்டு, அடுத்த நிமிஷம் அதுல என்ன எழுதியிருக்குன்னு கேக்கவா?"

அன்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். அவர் சின்னப் பிள்ளை மாதிரி முறைத்துக்கொண்டே வந்தார். இன்னும் காப்பாற்றலாம், ஆனால் அடுத்த மாதம் கட்டாயம் வர வேண்டும் என்றார் மருத்துவர். வெளியே வந்ததும் மாமனார் சொன்னார்: "கையைப் பிடிச்சுத்தான் வரணும்னா இனிமே நான் வரலை." சொன்னால் சொன்னதுதான் என்பது அவளுக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து அவள் மட்டும் நர்ஸிடம் போய் நின்றாள்.

"எனக்கும் அந்தச் சொட்டு விடணும்."

"சீட்டு எங்க?"

"நான் பேஷன்ட் இல்ல. அந்த டிவியைச் செஞ்சவ."

"அப்ப டிவிக்குத்தானே விடணும்?" என்று சொன்னாலும், நர்ஸ் மருத்துவரிடம் போய்க் கேட்டு வந்தார். மருத்துவர் சிரித்துவிட்டு, அவள் கண்ணைச் சோதித்த பிறகு அனுமதித்தார்.

சொட்டு வேலை செய்தபின் மாமனாரின் நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தாள். பாலைக் கொட்டியது போல ஒரே வெளிச்சம். கடலும் மேகமும் மருத்துவரின் பல்லும் ஒன்றாகக் கலந்திருந்தன. பரிசு வாங்கிய மூலையில் எண் இருந்த சுவடே இல்லை. கூடத்தில் இருந்த நோயாளிகள் அத்தனை பேர் கண்ணிலும் அதே சொட்டு; துணைக்கு வந்தவர்கள்தான் எண்ணைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திரையை அவள் எத்தனையோ முறை சரிபார்த்திருந்தாள், ஒவ்வொரு முறையும் நல்ல கண்ணோடு. ஏழு நொடி என்பது நடந்து போகிறவர்களுக்கான கணக்கு. இங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

புதிய திரையைப் பார்த்த மருத்துவமனை நிர்வாகிக்கு முகம் விழுந்துவிட்டது. "என்னம்மா இது, பஸ் நம்பர் போர்டு மாதிரி இருக்கு?"

"அதேதான் சார் வேணும்."

"லேசர் விளம்பரம்?"

"லிஃப்ட் பக்கத்துல மாட்டிடுவோம். அங்க வர்றவங்களுக்கு இன்னும் சொட்டு விட்டிருக்க மாட்டாங்க. இங்க இருக்கறவங்களுக்குப் பார்வை திரும்பட்டும், விளம்பரம் தானா தெரியும்."

நிர்வாகி மோவாயைத் தடவினார். சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம், "நீ பின்னாடி உக்காரு, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே" என்ற நிபந்தனையோடு மாமனார் வந்தார். அவள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். சொட்டு விட்டு முக்கால் மணி நேரம் ஆயிற்று. திரையிலிருந்து மணி ஒருமுறை மெல்ல ஒலித்தது. முப்பத்தொன்பது, அறை மூன்று. மாமனார் தன் சீட்டைச் சட்டைப் பையில் வைத்தார், எழுந்தார், மூன்றாம் அறையை நோக்கி நடந்தார். இரண்டடி வைத்தவர் திரும்பி, முன்வரிசைப் பெரியவரிடம், "நாப்பது நீங்கதானே? அடுத்த ஸ்டாப் உங்களுது, ரெடியா இருங்க" என்றார்.

அவள் செய்தது இவ்வளவுதான்: ஒரு கண் மருத்துவமனையின் திரையிலிருந்து கடலையும் மேகத்தையும் மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கறுப்புப் பின்னணியில் மஞ்சளாக டோக்கன் எண்ணையும் அறை எண்ணையும் மட்டும் திரை நிறைய வைத்தாள், எண் மாறும்போது ஒரு மணி ஒலிக்கச் செய்தாள், கூப்பிட்டவர் அறைக்குள் போகும்வரை எண் மாறாமல் பார்த்துக்கொண்டாள்.